கதவும் சுவரும் ஒன்றான திங்கட்கிழமை

கட்டடக்கலை சொல்லிக்கொடுக்கப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் ஆசிரிய வாழ்க்கையில் நான் மிக நன்றாக வேலை பார்த்த காலைப்பொழுது எதுவென்று கேட்டால், நைட்டியோடு ஒரு காளான் சுவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்ற அந்தத் திங்கட்கிழமைதான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் அன்றைக்கு வெளியே நின்ற யாரும் சிரிக்கவில்லை. எங்கள் முதல்வர் அழாத குறை.

நான் பாடம் நடத்தியது மைசூரில். கடுஞ்சூழல் கட்டடங்கள் என்று ஒரு விருப்பப் பாடம். பாலைவனம், பனிப்பிரதேசம், கடலடி, விண்வெளி என்று தண்ணீரும் காற்றும் சுலபத்தில் கிடைக்காத இடங்களில் மனிதர்கள் எப்படி வீடு கட்டுவார்கள், ஒரு சொட்டைக்கூட வீணாக்காமல் எப்படித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள் என்பதுதான் பாடம். அங்கே பிழைக்கக் கற்றுக்கொண்டவன் இங்கே சிக்கனமாகக் கட்டுவான் என்பது என் கணக்கு.

கணக்கு சரிதான், ஊர்தான் ஒத்துழைக்கவில்லை. மைசூரில் வெயிலும் அளவோடு அடிக்கும், குளிரும் அனுமதி கேட்டுக்கொண்டுதான் வரும். ஏப்ரலில் மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைத்துவிட்டு "என்ன மேம் இப்படிக் கொளுத்துது" என்பார்கள். டிசம்பரில் ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லாய் சகிதம் தெருவில் போகிறவரைப் பார்த்தால் இமயமலைக்குப் புறப்பட்டவர் மாதிரி இருக்கும். போவது பால் பாக்கெட் வாங்க. இப்படிப்பட்ட ஊரில் பிறந்த பிள்ளைகளுக்குத் துருவப் பிரதேசத்துக் குடியிருப்புகளைத் திரையில் காட்டுவேன். மதியம் கேன்டீனில் பிசிபேளாபாத் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார்கள். பனிப்புயல் வீசும்போது பாதி வகுப்பு தூங்கிவிடும்.

ஒருமுறை ஆப்பிள் அடுக்கி வைக்கும் குளிர்பதனக் கிடங்குக்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே கொஞ்ச நேரம் நின்று, இந்தக் குளிரில் உங்கள் உடம்பு என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னேன். பெரும்பாலானவர்கள் ஆப்பிள் என்று எழுதியிருந்தார்கள்.

அதன்பிறகுதான் ஊரில் இல்லாத கஷ்டத்தை நாமே கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தேன். கல்லூரிக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு சின்ன குடில். அதற்குள் மூன்று பேர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் திங்கட்கிழமை வெளியே வருவது. ஒரே ஒரு கேன் தண்ணீர். குளித்தாலும், கை கழுவினாலும், காப்பி போட்டாலும் அந்தத் தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வரவேண்டும். சுவர்கள் செங்கல்லும் சிமெண்டும் இல்லாமல் வளர்த்து எடுத்தவையாக இருக்க வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் மேலிடத்திலிருந்து ஓர் ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. தேவையில்லாத விருப்பப் பாடங்களை எடுத்துவிடப் போகிறார்கள், பட்டியலில் முதலில் இருப்பது என் பாடம்தான் என்று முதல்வர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். குடிலைப் பார்த்துவிட்டாவது மனம் மாறுவார்களா என்பது என் நப்பாசை.

சுவர் கௌரியின் பொறுப்பு. தமிழ்நாட்டு எல்லையோரம், ஹனூர்ப் பக்கம் கௌதள்ளியிலிருந்து வந்தவள். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், கல்லூரியில் ஆங்கிலம். மூன்றிலும் குறைவாகப் பேசுவாள். கேழ்வரகுத் தாளை, அதாவது அறுவடைக்குப் பின் மிஞ்சும் காய்ந்த தண்டை, நறுக்கி, வேகவைத்து ஆறவிட்டு, அதில் சிப்பிக் காளான் விதையைக் கலந்து மரச் சட்டங்களில் அடைத்து வைத்தாள். சில வாரங்களில் காளானின் வெள்ளை இழைகள் உள்ளே ஓடி, தாளையெல்லாம் இறுக்கிப் பிடித்து, கனமில்லாத பலகையாக்கிவிட்டன. வழக்கப்படி அதன்பிறகு அந்தப் பலகையைச் சூட்டடுப்பில் வைத்துக் காளானைக் கொன்றுவிட வேண்டும். கௌரி மாட்டேன் என்றாள்.

"அடுப்புல வெச்சாச் செத்துப்போயிருமுங்க மேம்."

"சாகத்தான் வேணும் கௌரி. அப்பதான் அது சுவர்."

"உசுருள்ள பொருள்ல கட்டோணும்னு பாடம் நடத்திப்போட்டு, கட்டறதுக்கு முன்னாலயே கொன்னுபோட்டா எப்படிங்க மேம்?"

கேள்வி சரியாக இருந்தால் அந்தப் பெண்ணை அதன் வழியே போகவிட வேண்டும். எதுவரை என்றால், யாருக்கும் அடிபடாத வரை. உயிருள்ள பலகைகளையே மூங்கில் சட்டத்தில் கட்டினோம். கதவும் அதே பலகைதான். மேலே பிளாஸ்டிக் கூரை. கீழே தார்த் தரையில் பாய். அடியில் மழைநீர் புகாமல் சுற்றிலும் மணல் மூட்டைகள். காற்றோடு மட்டும் விளையாடக் கூடாது என்று ஒரு குழாயும் அதில் சின்ன விசிறியும் வைத்தேன். பேட்டரியில் ஓடும், கரியமிலவாயு அளக்கும் மீட்டர் ஒன்றும் மாட்டினேன். பச்சை எரிந்தால் நல்லது, மஞ்சள் எரிந்தால் காற்று மாற்ற வேண்டும், சிவப்பு எரிந்தால் எல்லோரும் வெளியே. சாப்பாடு வாங்கிக்கொள்ள முகம் தெரிகிற அளவில் சுவரில் ஒரு திறப்பு, அதற்கு ஒரு சின்ன மூடி.

தண்ணீர் ரம்யாவின் பொறுப்பு. பிறந்தது வளர்ந்தது எல்லாம் மைசூர். தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பாள். குளித்த தண்ணீரைக் கல்வாழைத் தொட்டிக்கும், அங்கிருந்து மணலுக்கும் கரிக்கும் அனுப்பி, இரண்டு முறை கொதிக்க வைப்பாள். போதாததற்கு நாங்கள் விடுகிற மூச்சில் இருக்கும் ஈரத்தையும் விடவில்லை. கூரையடியில் எவர்சில்வர் தட்டுகளைச் சாய்த்து மாட்டி, அதில் படியும் நீரை ஒரு குடத்தில் பிடித்தாள். சோதனைக்கூடத்தில் அந்தத் தண்ணீர் எல்லாப் பரீட்சையிலும் தேறியிருந்தது.

"மூணு பேர் மூச்சு மேம். சும்னே வேஸ்ட் பண்றது பேடா" என்றாள். வேண்டாம் என்பதைத்தான் அப்படிச் சொல்வாள்.

கழிப்பறைக்குப் பதிலாக ஒரு மூலையில், மூங்கில் தட்டிக்குப் பின்னால், மூடி போட்ட ஒரு வாளியும் மரத்தூளும் இருந்தன. அதைப்பற்றி இப்போதைக்கு இவ்வளவு போதும்.

ஆக ரம்யா, கௌரி, நான் மூன்று பேரும் உள்ளே போனோம். சனிக்கிழமை காலையில் ரம்யா குடத்தைப் பார்த்து முகம் சுளித்தாள். எதிர்பார்த்த தண்ணீர் இல்லை. ஈரக்காற்றெல்லாம் கதவு இடுக்கு வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. கௌரி மீதமிருந்த காளான் விதையும் தாளும் கலந்த கலவையை ஈரமாக்கி, இடுக்கு முழுக்கத் திணித்து விட்டாள்.

"கெட்டியாப் புடிச்சுக்கும் மேம்" என்றாள்.

அவள் சொன்னபடியே நடந்தது. அதுதான் பிரச்சினை.

ஞாயிற்றுக்கிழமை சுகமாகப் போயிற்று. வெளியே விடாமல் தூறல். உள்ளே கதகதப்பு, கல்வாழை இலைகளின் பச்சை, ரம்யாவின் காப்பி. எங்கள் பெருமூச்சுகளையே நாங்கள் குடித்துக்கொண்டிருந்தோம், ருசியாகத்தான் இருந்தது. மூங்கிலும் தாளும் ஈரத்தில் லேசாக மணத்தன. அந்தச் சூட்டையும் ஈரத்தையும் எங்களைவிட அதிகமாக வேறொன்று ரசித்துக்கொண்டிருக்கிறது என்பது எங்கள் மூவருக்கும் உறைக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் மின்சாரம் போய்விட்டது. விசிறி நின்றது. பரவாயில்லை, எப்படியும் வெளியே போகிற நேரம்தான், சாயங்காலம் குழு வருவதற்குள் குளித்துப் புடவை கட்டிக்கொள்ளலாம் என்று கதவைத் தள்ளினேன். கதவு அசையவில்லை. தாழ்ப்பாளைப் பார்த்தேன், திறந்துதான் இருந்தது. ரம்யா தோளைக் கொடுத்துத் தள்ளினாள். குடில் முழுவதும் ஒருமுறை முனகியது, கதவு மட்டும் நகரவில்லை. கௌரி குனிந்து இடுக்கைத் தடவிப் பார்த்தாள். இடுக்கே இல்லை. வெள்ளை வெளேரென்று இழை ஓடி, கதவும் நிலையும் சுவரும் ஒரே தோலாகியிருந்தன.

"புடிச்சுக்கிச்சுங்க மேம்" என்றாள், பாதி பயத்தோடும் பாதி சந்தோஷத்தோடும்.

ரம்யாவுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. மீட்டரைப் பார்த்தேன். பச்சைதான். ஆகவே முட்டியது மூச்சு இல்லை, மனம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள். நெருக்கடி என்று வரும்போது நான் எனக்கு நானே கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்றுதான். இது ஆபத்தா, அவமானமா? இரண்டும் முதலில் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் ஆபத்துக்கு உடனே ஓட வேண்டும், அவமானத்துக்கு ஓடக்கூடாது. உள்ளே காற்று இருக்கிறதா? திறப்பின் மூடியைத் திறந்து வைத்தேன், இருக்கிறது. தண்ணீர்? இருக்கிறது. தீ? அடுப்பு அணைந்திருக்கிறது. யாருக்காவது உடம்பு சரியில்லையா? இல்லை. அப்படியானால் எங்களுக்கு இருக்கிற ஒரே கஷ்டம், சாயங்காலத்துக்குள் நான் புடவை கட்டியாக வேண்டும் என்பது. புடவை ஆசிரியர் அறையில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் போட்டிருந்தது ஊதாப் பூப்போட்ட நைட்டி.

இதைச் சொல்லி ரம்யாவைச் சிரிக்க வைத்து, பிளாஸ்கில் இருந்த வெந்நீரில் காப்பி கலக்கச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து வெளியே முதல்வரின் குரல் கேட்டது.

"மேடம்! மேடம்! கமிட்டி வந்தாச்சு!"

திறப்பில் முகத்தை வைத்துப் பார்த்தேன். குடையோடு நின்றிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"சாயங்காலம்னுதானே சார் சொன்னீங்க?"

"காலையிலேயே வந்துட்டாங்க. ட்ரெயின் சீக்கிரமா வந்திட்டதாம். நீங்க பேகனே, சட்டுனு வெளியில வாங்க."

"வர முடியாது சார். கதவு சுவரோட ஒட்டிக்கிச்சு."

அவர் என்னையே பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மேடம், உங்க கட்டடத்துக்குக் காது மொளச்சிருக்கு."

உள்ளேயிருந்த எங்களுக்குப் புரியவில்லை. தூறலில் நனைந்த வெளிப்புறச் சுவரெங்கும் சிப்பிக் காளான்கள் கொத்துக் கொத்தாக வெடித்துக் கிளம்பியிருக்கின்றன என்று அவர் விவரித்தபோது கௌரி என்னைத் தள்ளிக்கொண்டு திறப்புக்கு வந்தாள்.

"பூத்திருச்சுங்களா சார்? எத்தனை பெருசுங்க? எந்தப் பக்கமுங்க சார் நெறைய?"

திறப்பில் முகத்தைத்தான் வைக்க முடியும், சுவரை எட்டிப் பார்க்க முடியாது. பல வாரம் பிள்ளை மாதிரி வளர்த்த ஒன்று சுவருக்கு அந்தப்பக்கம் பூத்திருக்கிறது. அவளைத் தவிர எல்லோரும் பார்க்கிறார்கள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரம்யா அதையும் தட்டில் பிடித்துவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

குழு வரும் சத்தம் கேட்டது. முதல்வர் திறப்பின் மூடியைச் சட்டென்று சாத்தினார். நைட்டியில் இருக்கும் பேராசிரியர் கமிட்டியின் கண்ணில் படக்கூடாது என்பது அவர் கவலை. கொஞ்ச நேரத்தில் மீட்டரில் மஞ்சள் எரிந்தது. விசிறி ஓடவில்லை, உள்ளே மூன்று பேர் மூச்சோடு காளானும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நான் மூடியைத் திறந்தேன். அவர் சாத்தினார். நான் திறந்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, குழுவில் யாருக்கும் புரியாது என்று நினைத்துத் தன் தமிழில் கத்தினார்.

"மேடம், பாகிலு தெறக்கிற வரைக்கும் சும்மா இருங்க! மானம் போகுது!"

பாகிலு என்றால் கன்னடத்தில் கதவு. அவருடைய தமிழ் எப்போதும் அப்படித்தான், பாதி வழியில் கன்னடத்தில் இறங்கிக்கொள்ளும்.

"மானம் போனா வரும் சார். காத்து போனா வராது" என்று சொல்லி, மூடியைக் கீலோடு பிடுங்கி உள்ளே எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு நான் செய்த முதல் நல்ல காரியம் அது. மஞ்சள் அணைந்து மறுபடியும் பச்சை எரிந்தது.

அப்போது வெளியிலிருந்து ஒரு கனத்த குரல் வந்தது. "இன்னா நைனா, உள்ள ஆளு மாட்டிக்கிச்சா?"

குழுவின் தலைவர். நாக்பூர்காரர், கோட்டும் டையும். வாலிபத்தில் பல வருடம் சென்னையில் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்தவராம். அவருக்குத் தெரிந்த தமிழ் முழுக்கக் கொத்தனார்களிடமும் சித்தாள்களிடமும் கற்றுக்கொண்டது. மரியாதைத் தமிழ் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. முதல்வரின் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் வடிந்துவிட்டது. மானம் போகிற விஷயம் முழுவதும் தலைவருக்குப் புரிந்திருக்கிறது.

அவர் திறப்புக்கு முன்னால் குனிந்தார். டிக்கெட் கவுண்டரில் நிற்கிற மாதிரி இருந்தது.

"யம்மா, நீதான் மேஸ்திரியா?"

"ஆமாம் சார். இந்தப் பாடம் என்னுடையது."

"செவுரு யாரு வெச்சது?"

கௌரியை முன்னால் விட்டேன். அந்தத் திறப்பு வழியாக நடந்ததுதான் என் அனுபவத்தில் மிகச் சிறந்த வாய்மொழித் தேர்வு. யாராலும் எழுந்து போக முடியாது. தாளை எப்படி வேகவைத்தாய், எந்தக் கலவை, எத்தனை ஈரம், ஏன் சுடவில்லை என்று அவர் கேட்டுக்கொண்டே போனார். குறைவாகப் பேசுகிற அந்தப் பெண், மூன்று மொழிகளையும் கலந்து விடாமல் பதில் சொன்னாள். நடுநடுவே, "சார், பெரிய கொத்து எவ்வளவு பெருசுங்க?" என்று அவரையே கேட்டாள். அவர் கையை விரித்துக் காட்டினார்.

இதற்குள் ரம்யா காப்பியை டம்ளர்களில் ஊற்றித் திறப்பு வழியாக நீட்டிவிட்டாள். முதல்வர் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று காட்டுவதற்காக முதல் டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் பாதியைக் குடித்தார். தலைவர் தன் டம்ளரை உதட்டருகே கொண்டு போனார். முதல்வர் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி கண்ணால் கெஞ்சினார், இனி வாயைத் திறக்காதீர்கள் என்று. காப்பி எந்தத் தண்ணீரில் போட்டது என்று அவருக்கே தெரியாது.

சொல்லாமலே விட்டுவிடலாமா என்று எனக்கும் தோன்றியது. காப்பி நல்ல காப்பி. குடித்தால் ஒன்றும் ஆகாது. குடித்து முடித்த பிறகு சொன்னால் மடக்கிவிட்ட மாதிரியும் இருக்கும். ஆனால் யாரோ ஒருவர் வாய்க்குள் போகப்போவது என்ன என்பதை அவருக்கு முன்கூட்டிச் சொல்லாமல் நாம் என்ன பாடம் நடத்துகிறோம்?

"சார், ஒரு நிமிஷம். அது நாங்க குளிச்ச தண்ணி. கூடவே எங்க மூச்சிலிருந்து புடிச்சதும் இருக்கு. சோதனை செஞ்சு, ரெண்டு தடவை காய்ச்சினது. வேண்டாம்னா வெச்சிடலாம்."

அடுத்த வாய் எடுத்திருந்த முதல்வரின் கையில் டம்ளர் காற்றில் நின்றது. அவர் முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்ற கோலம் இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கிறது. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. கடைசியில் முழுங்கினார். பெரிய மனுஷர்.

தலைவர் டம்ளரை முகர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். "யாரு மூச்சு?" என்றார்.

"மூணு பேரோடதும் சார்" என்றாள் ரம்யா. "மேமோடது ஜாஸ்தி. அவங்க நிறைய பேசறாங்க அல்வா, இல்லையா?"

அவர் குடித்தார். முழுவதும் குடித்தார். குழுவில் இருந்த மற்ற இரண்டு பேரும் தங்களுக்குச் சர்க்கரை வியாதி என்று ஒரே குரலில் சொன்னார்கள். காப்பியில் சர்க்கரை போடவே இல்லை.

இப்போது எங்களை வெளியே எடுக்க வேண்டும். முதல்வர் பட்டறையிலிருந்து மின் ரம்பம் கொண்டுவரச் சொன்னார். ஜெனரேட்டரில் ஓட்டலாம், கதவை ஓரத்தோடு அறுத்தால் வேலை முடிந்தது என்றார். நான் வேண்டாம் என்றேன். கதவைச் சுற்றி மூங்கில் எங்கெங்கே ஓடுகிறது என்று வெளியில் இருப்பவருக்குத் தெரியாது. உள்ளே மூன்று பேர் நிற்க இடம் குறைவு. ரம்பம் மூங்கிலில் பட்டுத் தெறித்தால் யார் முகத்துக்கு வரும்?

"மேடம், கமிட்டி காத்துக்கிட்டிருக்கு."

"இருக்கட்டும் சார். அவங்க காத்திருக்கறது அவமானம். ரம்பம் தெறிச்சா அது ஆபத்து. நான் அறுக்க விடமாட்டேன்."

மேலதிகாரியிடம் அவ்வளவு நேராக நான் பேசியதில்லை. நைட்டியில் இருக்கும்போது பேச்சில் ஒரு சுதந்திரம் வந்துவிடுகிறது. தலைவர் ரம்பத்தோடு வந்த ஆளைக் கையமர்த்தி நிறுத்தினார்.

கௌரி கதவோரம் கையை வைத்துக்கொண்டு யோசித்தபடி நின்றிருந்தாள். பிறகு சுவரின் மறுகோடிக்குப் போய்த் தட்டிப் பார்த்தாள். மூலைக்கு மூலை போய்த் தட்டினாள்.

"மேம், இங்க கதவு வேற செவுரு வேறன்னு இல்லீங்க. பலகைக்குப் பலகை சந்தும் இல்லீங்க. எல்லாமே ஒண்ணாயிருச்சு."

"தெரியுதே, அதனாலதானே நிக்கிறோம்."

"ஒண்ணாயிருச்சுன்னா, ஒரே பொருளாத் தூக்கலாமுங்களே?"

நான் கூரையைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன். கனமில்லாத பலகைகள், மூங்கில், பிளாஸ்டிக் கூரை. தரையோடு எதுவும் பிணைக்கப்படவில்லை. மணல் மூட்டைகளை எடுத்துவிட்டால் குடில் சும்மா நிற்கிறது. உள்ளே இருந்து திறக்க முடியாவிட்டால் என்ன, மேலே எடுத்துவிடலாமே. பலகைகள் தாங்குமா என்பதுதான் கேள்வி. தாங்காவிட்டால் கௌரியின் ஒரு செமஸ்டர் உழைப்பு அத்தனையும் எங்கள் தலைமேல் விழும், கேழ்வரகுத் தாள்தான், ஆள் சாகாது. தாங்கினால் அதைவிடப் பெரிய பரிசோதனை வேறு இல்லை. முடிவு உன்னுடையது என்று அவளிடம் சொன்னேன். சுவர் அவளுடையது.

"தூக்கச் சொல்லுங்க மேம்" என்றாள்.

தலைவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கோட்டைக் கழற்றி முதல்வரின் கையில் கொடுத்தார். "சாரக் கம்பு கொண்டா! கயிறு கொண்டா! நைனா, அந்த மூட்டைய நவுத்து!" அவர் நைனா என்றது முதல்வரை. முதல்வரும் மூட்டையை நகர்த்தினார். மாணவர்கள் கூட்டம் கூடிவிட்டது. அடிச்சட்டத்தோடு நீள மூங்கில்களைக் கட்டி, பல்லக்குத் தூக்குகிற மாதிரி இரண்டு பக்கமும் ஆள் நின்றார்கள்.

அப்போதுதான் ரம்யா என் கையைப் பிடித்து இழுத்தாள். முகம் வெளுத்திருந்தது.

"மேம்! அந்த மூலை!"

மூங்கில் தட்டி சுவரோடு கட்டப்பட்டிருந்தது. குடில் போனால் தட்டியும் போகும். தட்டி போனால் வாளி நிற்கும், எல்லோர் கண்முன்னாலும்.

"தூக்கு!" என்று வெளியே குரல் வந்தது. யோசிக்க நேரமில்லை. ரம்யா ஓடிப்போய் மூடி போட்ட வாளியின்மேல் உட்கார்ந்து, பாவாடையைச் சுற்றிலும் விரித்துக்கொண்டாள். நான் படுக்கை விரிப்பை எடுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டேன்.

குடில் ஒருமுறை குலுங்கியது. அடியில் வெளிச்சம் ஒரு கோடாக வந்தது. கோடு அகலமாயிற்று. முழங்கால், இடுப்பு, தலை என்று எங்கள்மேல் தூறல் விழ, பஞ்சாரத்தைத் தூக்கியதும் கோழிகள் திருதிருவென்று நிற்பதுபோல நாங்கள் வண்டி நிறுத்துமிடத்தின் நடுவில் நின்றோம். சுவரில் ஒரு விரிசல் இல்லை. ஒரு மூலைகூடப் பிரியவில்லை. கதவு கதவாகத் திறக்கத்தான் மறுத்ததே தவிர, சுவராக அப்படி ஒரு விசுவாசம்.

எனக்கு முன்னால் முழுக் கல்லூரியும் நின்றது. நான் போர்வை, நைட்டி, கையில் காப்பி டம்ளர். யாராவது ஒருவர் சிரித்திருந்தால்கூட நானும் சிரித்திருப்பேன். யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் கைதட்டினார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. முதல்வர் ஓடிவந்து தன் குடையை என் தலைக்கு மேல் பிடித்தார், முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

கௌரி நிற்கவே இல்லை. தூக்கிப் பிடித்திருந்த குடிலுக்குப் பின்பக்கம் ஓடினாள். கொஞ்ச நேரம் அவளைக் காணோம். போய்ப் பார்த்தேன். ஒரு பெரிய காளான் கொத்தின் முன்னால் தலையைச் சாய்த்து நின்றிருந்தாள். தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். தூக்கிக்கொண்டிருந்தவர்கள் தோள் வலிக்கிறது என்று கத்தினார்கள், அதுவும் அவள் காதில் விழவில்லை.

தலைவர் பாய், கல்வாழைத் தொட்டி, மணல் வடிகட்டி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு ரம்யாவிடம் வந்து நின்றார்.

"எந்திரி கண்ணு, அத்தயும் பாக்கலாம்."

"ஆகல்ல சார், முடியாது."

முதல்வர் குறுக்கே வந்தார். "ரொம்ப டயர்டான ஸ்டூடெண்ட் சார்."

ரம்யா என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொல் என்று தலையை அசைத்தேன். "இதுவும் ரிசோர்ஸ் சைக்கிள்தான் சார்" என்றாள், கழுத்தை நிமிர்த்தி. "ஆனா இன்னும் முடியல."

தலைவர் ஒரு நொடி யோசித்தார். புரிந்தது. இரண்டடி பின்னால் போய், அவளுக்கு மிக மரியாதையாகத் தலை வணங்கினார். பிறகு கௌரியைக் கூப்பிட்டுக் கடைசிக் கேள்வியைக் கேட்டார். மறுபடி கட்டினால் எதை மாற்றுவாய்?

அவள் அதிகம் யோசிக்கவில்லை. "கதவு மட்டும் செத்திருக்கோணுமுங்க சார். மத்ததெல்லாம் உசுரோட இருக்கட்டும்."

உயிருள்ள பொருள்களைப் பற்றி நான் எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கிறேன். எதைக் கொல்ல வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும் என்று இத்தனை சுருக்கமாக ஒருநாளும் சொன்னதில்லை. இந்தப் பதிலை அவள் எந்த வகுப்பறையிலிருந்தும் எடுக்கவில்லை. திறக்காத ஒரு கதவுக்குப் பின்னால் நின்று எடுத்தாள். நீங்களும் உங்கள் மாணவர்களை எங்கேயாவது கொஞ்சம் மாட்டிக்கொள்ள விடுங்கள். மூச்சுக்கு ஒரு திறப்பு மட்டும் வைத்துவிடுங்கள், அதை யார் சாத்த வந்தாலும் விடாதீர்கள்.

பாடம் தப்பித்தது. கதவுக்கும் நிலைக்கும் சுட்ட பலகைதான் என்று ஒரு நிபந்தனை போட்டார்கள், கௌரி கேட்டதும் அதுதான். அந்தக் குடிலில் ஒரு பலகையை மட்டும் சுட்டுத் தேர்வுக்கு வைத்துக்கொண்டு, மீதியைத் தோட்டத்துக்கு எருவாகப் போட்டாள். அடுத்த வருடம் உள்ளே போக இடம் கேட்டு மாணவர்கள் வரிசையில் நின்றார்கள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாள் காலை முதல்வர் என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்து நானும் தயாராகத்தான் இருந்தேன். அவர் மேசைமேல் இருந்த பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"மேடம், அந்தக் குடிலுக்குள்ள போன் எடுக்குமா?"

"உள்ளே போன் கொண்டுபோகவே கூடாது சார். அதுதான் விதி."

"மூணு நாளும்?"

"மூணு நாளும்."

"யாரும் உள்ள வந்து பைல்ல கையெழுத்து கேக்க முடியாது?"

"முடியாது சார்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"அடுத்த தடவை நானும் வரேன். கமிட்டி எந்தத் தேதியில வருதுன்னு நான் முன்னாடியே கேட்டுச் சொல்றேன். அன்னிக்கே வெச்சுக்கலாம்."